ஒருகொடவத்தையில் தரையிறங்கும் விமானங்கள்

கொழும்பில் விமானங்களைப் பற்றி ஆறுதலாக இருந்து கதைப்பதற்குச் சற்றும் பொருந்தாத இடம் எது என்று யாரேனும் கேட்டால், ஒருகொடவத்தைச் சந்தி என்றுதான் சொல்வேன். பேஸ்லைன் வீதியால் களனிப் பாலத்தை நோக்கிச் செல்லும் லொறிகளினதும் கொள்கலன் வாகனங்களினதும் இரைச்சலில் அருகில் நிற்பவர் சொல்வதே காதில் விழாது. எனினும் சில வருடங்களாக, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளிலாவது, அந்தச் சந்திக்குக் கிட்டவுள்ள வாகன உதிரிப்பாகக் கடையொன்றின் பின்கட்டில் நாங்கள் ஐந்துபேர் கூடி, பழைய விமானங்களைப் பற்றியே கதைத்து வருகிறோம். இதற்கொரு சங்கம் கிடையாது. தலைவர், செயலாளர், சந்தா என்று எதுவும் இல்லை. ஆளுக்கொரு பிளேன்ரீயும் மாலு பணிசும்தான் செலவு.

கடைக்காரர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். எழுபதைத் தாண்டியவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'அண்ணர்'. அடுத்தவர் கேகாலைச் சிங்களவர். விமானப்படையில் தொழில்நுட்பவியலாளராக இருபத்திரண்டு வருடங்கள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கைத்தொழில் தெரிந்தவரை இந்நாட்டில் எப்படி அழைப்போமோ அப்படியே அவரையும் 'பாஸ்' என்று அழைக்கிறோம். மூன்றாமவர் மாளிகாவத்தை நண்பர், 'நானா'. சிறுவயது முதல் எயார்ஃபிக்ஸ் பிளாஸ்ரிக் விமானங்களை ஒட்டி ஒட்டி வீட்டையே விமான நிலையமாக்கி வைத்திருப்பவர். நான்காமவரைத் 'தம்பி' என்கிறோம்; அவருக்கும் நாற்பது வயதாகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வன்னியில் வளர்ந்து, இப்போது கொள்கலன்களை விடுவிக்கும் முகவர் நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். ஐந்தாவது ஆள் இந்தப் பத்தியை எழுதுபவன்.

பொருந்தாத இடம் என்றேன். ஆனால் அந்தப் பின்கட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். துறைமுகத்தில் இறங்கும் எண்ணெய் நெடுங்காலமாகச் சேருமிடம் அது. இந்நகரத்தின்மீது பகைவிமானம் பறந்த போதெல்லாம் அந்தத் தாங்கிகளைப் பற்றிய கவலையும் கூடவே எழுந்திருக்கிறது. ஆகவே விமானக் கதைகள் இங்கே வந்து தரையிறங்குவதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

அண்ணரின் தந்தையார் துறைமுகத் தொழிலாளி. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைச் சனங்கள் சென் லூசியாஸ் பேராலயத்துக்குப் போய்வந்து கொண்டிருந்த காலை வேளை. வானத்தில் அணியணியாக விமானங்கள் வந்தபோது, வெள்ளைக்காரன் ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்துத் தந்தையார் தெருவில் நின்று கையசைத்தாராம். வந்தவை ஜப்பானிய விமானங்கள். நகுமோ தளபதியின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட சுமார் 125 விமானங்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர், நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தின்மீது பறந்த அதே மிட்சுவோ புச்சிடா. துறைமுகத்தில் 'ஹெக்டர்', 'டெனிடோஸ்' என்ற கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டுகள் விழுந்தன. கொலன்னாவைத் தாங்கிகளுக்கு வைத்த குறி தவறித்தான் அங்கே விழுந்தது என்று கொழும்பில் இன்றும் சொல்வார்கள்.

நானாவுக்கு அந்த நாளில் பிடித்த பகுதி வேறு. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக மாற்றி, ஹரிகேன் விமானங்களைப் பிரித்தானியர் அங்கே வைத்திருந்தனர். அப்படியொரு ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. பந்தயக் குதிரைகள் ஓடிய புல்தரையிலிருந்து ஹரிகேன்கள் கிளம்பிய காட்சியை, நேரில் நின்று பார்த்தவர்போல் நானா விபரிப்பார். இப்போது அந்த இடத்தில் விளையாட்டரங்கும் கடைத்தொகுதியும் இருக்கின்றன. அங்கே ஐஸ்கிரீம் வாங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது அவருடைய நிரந்தர மனக்குறை. கொக்கலையிலிருந்து கற்றலினா நீர்விமானத்தில் சென்று, முதல்நாள் மாலையே ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுட்டு வீழ்த்தப்பட்ட கனேடியர் லெனார்ட் பேர்ச்சலின் கதையும் எங்கள் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும். ஏப்ரல் பிறந்தால் அது வந்தே தீரும். போர்க்கைதியாகி உயிர்தப்பிய அவர் 2004 வரை வாழ்ந்தார்.

டகோட்டாவின் கதை இன்னும் மென்மையானது. எயார் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 இல் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சென்னைக்குத் தன் முதற் பறப்பை நடத்தியது. மூன்று டகோட்டாக்கள். விகாரமகாதேவி, சீதாதேவி, சுனேத்திராதேவி என்று மூன்றுக்கும் பெண் பெயர்கள். நானாவின் தகப்பனார் புடைவை வியாபாரி. சென்னைக்குப் போகும்போது விமானம் பலாலியில் இறங்கும், ஏறும். இந்த இரண்டு இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் அவர் ஓதிய துஆக்கள் ஒரு ஹஜ் பயணத்துக்குப் போதும் என்பது குடும்பக் கதை. அதே சென்னை–பலாலிப் பாதையில் 2019 இல் மறுபடியும் பயணிகள் விமானம் பறந்தபோது நானா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பாத்தீங்களா, மறுபடியும் காத்தாடி வெச்ச பிளேன்தான்!" என்றார். வந்தது சுழலிகள் பூட்டிய ஏ.டி.ஆர். ரக விமானம். அந்த மகிழ்ச்சி விமானப் பிரியர்களுக்கு மட்டுமே விளங்கும்.

இவ்வளவும் எந்த நாட்டிலும் விமானப் பிரியர்கள் கூடிப் பேசக்கூடிய கதைகள்தாம். இயந்திரத்தின் பெயர், பிறந்த ஆண்டு, எந்தப் படையணி, யார் ஓட்டினார். அந்தத் துறையின் ஆங்கில நூல்கள் சிலவற்றை நானா எனக்கு இரவல் தந்திருக்கிறார். இலங்கை விமானப்படை வைத்திருந்த ஒவ்வொரு விமானத்தின் இலக்கமும், நிறப்பூச்சும், எந்த ஆண்டில் எங்கே விழுந்தது என்பதும் அவற்றில் உண்டு. கீழே நின்றவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவர்களைச் சேர்த்துக்கொள்வது அந்த நூல்களின் வேலை அல்ல என்று நானா வாதிடுவார். "இரும்புக்கு என்னங்க பாவம் இருக்கு?" என்பார். நான் அதை முழுதாக ஏற்றுக்கொள்வதில்லை; ஆனால் அவர் ஒட்டிய ஸீரோ விமானத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது எனக்கும் அதன் அழகு தெரியத்தான் செய்கிறது.

தம்பி எங்கள் கூட்டத்துக்கு வந்ததே தற்செயல். அண்ணரின் பெயரில் வந்த உதிரிப்பாகப் பெட்டி ஒன்றின் பத்திரங்களோடு வந்தவர், மேசையில் விரித்துக் கிடந்த படப் புத்தகத்தைக் கண்டு நின்றுவிட்டார். "இது சியாமாச்செட்டி" என்றார். நானா விழித்தார். படத்துக்குக் கீழே 'எஸ்.ஐ.ஏ.ஐ. மார்க்கெற்றி' என்றிருந்தது. இத்தாலியில் பயிற்சிக்காகச் செய்யப்பட்ட சிறு விமானம். இலங்கை விமானப்படை 1985 இல் அதனை வாங்கிக் குண்டுவீச்சுக்குப் பயன்படுத்தியது. இத்தாலியப் பெயரை வானொலியில் கேட்ட யாழ்ப்பாணம், அதை ஒரு செட்டியாராக்கி வைத்துக்கொண்டது.

அன்றைய மாலை தம்பி மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பாரமான சரக்கு விமானம் 'சகடை'. ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்த இரட்டை இயந்திர விமானம் 'புக்காரா'. ஆளில்லாமல் மேலே நின்று வேவு பார்ப்பது 'வண்டு'. 1996 இல் இஸ்ரேலிலிருந்து வந்தது 'கிபிர்'. அதன்பின் எந்த ஜெட் வந்தாலும் சனத்தின் வாயில் அது கிபிர்தான். கிபிர் என்ற ஹீப்ரு சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள் என்பதை நான் சொன்னபோது தம்பி சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பொருத்தமாத்தான் வைச்சிருக்கிறாங்கள்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இவர் இந்த விமானங்களில் பெரும்பாலானவற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பதுதான் எங்களை வியக்கவைத்தது. எல்லாம் காதால் வந்த அறிவு. "சியாமாச்செட்டி சுத்திக்கொண்டு நிக்கும். அதின்ரை சத்தம் கீழை குத்தேக்கை மாறும். அப்ப ஓடவேணும். சகடை வந்தா கன நேரம் முனகிக்கொண்டு நிக்கும். கிபிர் அப்பிடியில்லை, அண்ணை. சத்தம் கேக்கேக்கை அவன் போட்டிட்டுப் போயிருப்பான்." பாஸ் இதைக் கவனமாகக் கேட்டார். தம்பி நாவால் எழுப்பிக் காட்டிய ஒலிகளில் இரண்டை இயந்திரத்தின் பெயரோடு உறுதிப்படுத்தினார். ஒன்றை மட்டும் திருத்தினார். இருபத்திரண்டு வருடம் அருகில் நின்று கேட்ட காதும், பதுங்குகுழிக்குள் இருந்து கேட்ட காதும் ஒரே மேசையில் இருந்து ஒத்துப்பார்த்ததை அன்றுதான் கண்டேன். எங்கள் அகராதிகளில் ஏறவேண்டிய சொற்கள் இவை. பத்திரிகைகளில் நாங்கள் 'விமானத் தாக்குதல்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கி எழுதினோம். தணிக்கை அமுலில் இருந்த நாள்களில் அதற்குமேல் எழுத இடமும் இருக்கவில்லை.

பாஸுக்கும் கீழே நின்ற அனுபவம் உண்டென்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது அவர் கேகாலையில் பாடசாலை மாணவர். சீனன்குடாவில் பயன்பாடின்றி நிறுத்தி வைத்திருந்த ஜெட் புரோவோஸ்ட் விமானங்களை அரசாங்கம் அவசரமாக மீண்டும் பறக்கவிட்டது. சோவியத் ஒன்றியத்திலிருந்து மிக் 17 விமானங்களும் வந்து சேர்ந்தன. பாஸின் மூத்த சகோதரர் காட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. தாயார் முற்றத்தில் நின்று, விமானச் சத்தம் எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்ப்பாராம். ஐந்து வருடங்கள் கழித்து அதே படையில் இவர் சேர்ந்தார். ஏன் என்று நானாதான் கேட்டார். "வேலை" என்றார் பாஸ். பிறகு, "அந்த எஞ்சினைத் திறந்து பார்க்கவேண்டும்போல் இருந்தது" என்று சிங்களத்தில் சேர்த்துக்கொண்டார்.

நவாலியைப் பற்றித் தம்பி ஒருமுறைதான் பேசினார். 1995 ஜூலை 9. சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த நூற்றுக்கும் அதிகமான சனங்கள் விமானக் குண்டுவீச்சில் பலியான நாள். அங்கே அவருடைய தாயின் ஒன்றுவிட்ட சகோதரி இருந்தார். அதைச் சொல்லிவிட்டுத் தம்பி எழுந்து போய்க் கைகழுவி வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 28 உம் 29 உம் பலாலியில் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. அவற்றில் போனவர்களில் பாஸின் கூட்டாளிகள் இருந்தனர். அவர் அதை வேறொரு சனிக்கிழமைதான் சொன்னார். ஒன்றுக்கு மற்றதைப் பதிலாக வைக்கக்கூடாது என்ற நிதானம் அவரிடம் இருந்தது. அதனாலேயே இந்தக் கூட்டம் இன்னும் உடையாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த 1995 ஆம் ஆண்டு எங்கள் ஐவரையும் விசித்திரமாகப் பிணைத்திருக்கிறது. ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற 'ரிவிரெச' நடவடிக்கை தொடங்கியது. மூன்று நாள்களில், 20 ஆம் திகதி அதிகாலை, கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் இருந்த எண்ணெய்க் களஞ்சியங்களை விடுதலைப் புலிகள் தாக்கினர். நான் அப்போது இளம் நிருபர். வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் நின்று பார்த்தால், வடக்கே நகரத்தின் அரைவாசி வானம் கறுப்பு. வீதிக்கு வீதி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே பத்திரிகை அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். அண்ணர் கடையைப் பூட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போனார். மழைபோல் கரி விழுந்ததாகச் சொல்வார். பத்து நாள்கள் கழித்து, 30 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் தெருவுக்கு இறங்கியது. பத்து வயதுத் தம்பி, தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். இந்தக் கறுப்பு வானத்தைப் பற்றி அங்கே அவர் வானொலியில் கேட்டிருக்கிறார். 'ஒருகொடவத்தை' என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதானாம். பிற்காலத்தில் இங்கேயே வேலைக்கு வந்து, சம்பளத் துண்டில் அந்தப் பெயரைப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

புலிகளின் விமானங்களைப் பற்றிப் பேசுவதற்கு எங்களுக்கு நீண்டகாலம் பிடித்தது. செக் நாட்டுத் தயாரிப்பான சிலின் 143. நாலுபேர் அமரக்கூடிய, சாதாரணப் பறத்தல் கழகங்களில் காணக்கூடிய விமானம். 2007 மார்ச் 26 இல் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின்மீது குண்டுபோட்டது. ஏப்ரல் 29 அதிகாலை கொலன்னாவைக்கும் முத்துராஜவெலவுக்கும் வந்தது. பார்படோஸில் நடந்த உலகக் கிண்ணக் கிரிக்கெற் இறுதியாட்டத்தை வெள்ளவத்தையே விழித்திருந்து பார்த்துக்கொண்டிருந்த இரவு அது. மின்சாரம் போய், வானத்தில் சிவப்புக் கோடுகள் எழுந்தன. எங்கள் மாடிவீட்டில் ஒரு பாட்டி, குழந்தையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் உள்ளே போனார். யாழ்ப்பாணத்தில் பழகிய பழக்கம். மற்றவர்களுக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை. 2008 ஒக்டோபர் 28 இரவு களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் குண்டு விழுந்தபோது அண்ணரின் கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. 2009 பெப்ரவரி 20 இல் வந்த இரண்டும் திரும்பவில்லை. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்கவுக்கு அருகில் விழுந்தது.

அந்த இரவுகளில் வன்னியில் என்ன நினைத்தீர்கள் என்று அண்ணர் ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டார். தம்பி மறைக்கவில்லை. "முதல்தரம் சந்தோசப்பட்டனாங்கள், அண்ணை. மேலை போற சத்தம் ஒருக்காலாவது எங்கடையா இருக்குதே எண்டு. பிறகு விடியக் கிபிர் வரும். அப்ப சந்தோசம் முடிஞ்சிடும்." பாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணர், "இங்கயும் புள்ளைங்க இருந்துச்சு தம்பி" என்றார். "தெரியும், அண்ணை" என்றார் தம்பி. வெளியே ஒரு கொள்கலன் வாகனம் கடந்துபோகும்வரை எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு நானா, 1987 ஜூன் 4 இல் இந்திய அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்ட கதையை எடுத்தார். மிராஜ் போர்விமானங்கள் காவலாக வர, பருப்பும் அரிசியும் போட்டதை உலகில் வேறெங்கே பார்க்கலாம் என்று கேட்டார். தம்பிக்கு அப்போது இரண்டு வயது; அந்தப் பருப்பைச் சமைத்துத் தின்றவர்கள் தங்கள் வீட்டில் உண்டு என்றார். அந்த மாலையை நானாவின் பருப்பு காப்பாற்றியது.

இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போவோம் என்று பாஸ்தான் தம்பியை அழைத்தார். தம்பி இரண்டு மாதம் சாட்டுச் சொன்னார். வேலை, சளிக்காய்ச்சல், கிளிநொச்சிப் பயணம். நாங்களும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவரே வெள்ளவத்தைப் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார்.

பழைய கொட்டகைகளும் புற்றரையுமான இடம் அது. பலியோல், சிப்மங்க், ஜெட் புரோவோஸ்ட் எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பாடசாலைப் பிள்ளைகள் இறக்கைகளுக்குக் கீழே ஓடி விளையாடினார்கள். நானா முதல் பத்து நிமிடத்திலேயே எங்களை விட்டுவிட்டு இருபது படங்கள் எடுத்துவிட்டார். ஜெட் புரோவோஸ்டின் மூக்கில் கைவைத்தபடி பாஸ் ஒரு நிமிடம் நின்றார். நாங்கள் வேறுபக்கம் பார்த்தோம். பிறகு தம்பி மார்க்கெற்றியின் முன்னால் வந்து சேர்ந்தார்.

"இவ்வளவு சின்னதோ?" என்றார்.

சுற்றி வந்தார். தன் தொழிலின் கண்ணால் அதை அளந்தார். "இறக்கையைக் கழட்டினா நாப்பதடிக் கொள்கலனுக்குள்ளை சுகமா ஏத்தலாம். இன்னும் இடம் இருக்கும்." பாஸ் ஆமென்று தலையாட்டினார்; ஏழு மீற்றர் நீளம்தான் என்றார். இறக்கையில் எரிபொருள் நிரப்பும் மூடியைத் தம்பி சுட்டிக்காட்டி, ஒருதரம் நிரப்பினால் எவ்வளவு நேரம் மேலே நிற்கும் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாஸுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. ஒரு தொழிலாளி இன்னொருவருக்குச் சொல்வதுபோல, அந்த நேரான மனிதர் நேராகவே பதில் சொன்னார். "அது எவ்வளவு குண்டு ஏற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, மல்லி. பாரம் கூடினால் எண்ணெய் குறையும்." சொல்லி முடித்தபின்தான் அவர் முகம் மாறியது.

தம்பி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மனதுக்குள் எதையோ கணக்குப் பார்ப்பவர்போல் நின்றார். "பங்கருக்குள்ளை இருக்கேக்கை அம்மா சொல்லுவா, எண்ணெய் முடிஞ்சாப் போயிடுவான், பயப்பிடாதை எண்டு. நான் எண்ணிக்கொண்டு இருப்பன். சில நாள் ஆயிரம் எண்ணமுந்திப் போயிடும். சில நாள் மூவாயிரம், நாலாயிரம் எண்ணினாலும் போகாது. அம்மா பொய் சொல்லுறா எண்டு நினைச்சனான்." திரும்பி பாஸைப் பார்த்தார். "அப்ப, கனக்கக் கொண்டு வந்த நாள்தான் கெதியாப் போயிருக்கு."

பாஸ் பதில் சொல்லவில்லை. அவருடைய கை தம்பியின் தோளுக்குப் போகப் பார்த்து, பாதியில் நின்று, விமானத்தின் இறக்கை ஓரத்தில் இறங்கியது.

திரும்பும்போது காலி வீதிப் பஸ்ஸில் கூட்டம். யன்னலோரமாக நின்று தம்பி கிளிநொச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். தாயாருக்குக் காது சற்று மந்தம். ஆகவே பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டது. "ஓமம்மா, கிட்டப் போய்ப் பாத்தனான்... இல்லை, இப்ப பறக்காது... இல்லையம்மா, எண்ணெய் இல்லை, உள்ளுக்கு ஒண்டுமில்லை." மறுமுனையில் தாயார் ஏதோ கேட்டார். தம்பி பாஸின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "ஒரு ஐயாதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர்."